முன் ஃபோர்க் ஆயில் மாற்றம்: பாட்டில் எண்ணும் காற்று இடைவெளியும்

பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாதாரண டெலஸ்கோபிக், அதாவது ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் குழாய்கள்; உள்ளே ஸ்பிரிங், ஆயில், ஆட்டத்தை அடக்கும் துளையிட்ட தண்டான டேம்பர் ராட். பயணம், அதாவது அது அமுங்கக்கூடிய தூரம், 120 மி.மீ. குறை இரண்டு: பிரேக் பிடித்தால் முன்பக்கம் சட்டென்று அமுங்குகிறது, வேகத்தடை தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஆட்டத்துக்குக் காரணம் ஆயில். அமுங்குவதற்குப் பெரும்பாலும் ஸ்பிரிங். இரண்டுக்கும் சேர்த்து 20 டபிள்யூ என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிடுவது பரவலான வழக்கம். கேட்டால் "வண்டி ஸ்டிஃப் ஆயிடுச்சு" என்பார்கள். கூடவே மணிக்கட்டு வலியும் வந்திருக்கும், அதைச் சொல்ல மாட்டார்கள்.

டேம்பர் ராடில் ஆயில் போக நிலையான துளைகள் மட்டுமே. துளை வழியே போகும் ஆயிலின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாகத்தான் இறங்கும், அங்கே கெட்டி ஆயில் பெரிதாகத் தாங்காது. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் இடிக்கும்போது வேகம் அதிகம், அங்கேதான் அது கல்லாகிறது.

ஆயில் வாங்கும்போது டபிள்யூ எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். எஞ்சின் ஆயிலைப் போல இதை எல்லாக் கம்பெனிகளும் ஒரே அளவுகோலில் வைப்பதில்லை. 10 டபிள்யூ என்றே எழுதியிருக்கும்; ஒன்று 40 டிகிரியில் 30 சென்டிஸ்டோக்ஸை (ஆயிலின் தடிமனை அளக்கும் அலகு) ஒட்டி இருக்கும், இன்னொன்று 45-ஐத் தாண்டும். டேட்டா ஷீட்டில் 40 டிகிரி அளவைப் பார்த்து, பழைய ஆயிலின் அளவோடு ஒப்பிட்டு வாங்குவதுதான் சரி. விஸ்காசிட்டி இண்டெக்ஸும் அதே தாளில் இருக்கும். அது கூடுதலாக இருந்தால் காலைக் குளிரிலும் மதிய வெயிலிலும் ஃபோர்க் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும். இந்த ஃபோர்க்குக்கு எடுத்தது 36 சென்டிஸ்டோக்ஸ். இரண்டு தடிமன்களைக் கலக்கலாம், ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருந்தால். 18-ஐயும் 36-ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் 27 வராது, 25 பக்கம் நிற்கும், மெல்லியதுதான் ஜெயிக்கும். எஞ்சின் ஆயில் வேண்டாம். பழைய டேம்பர் ராட் வண்டிகள் சிலவற்றின் மேனுவலே ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றச் சொல்லும், அவற்றுக்கு அது போதும். கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் வேறு கதை: அதில் ஆயிலின் வழியை வளைந்து திறக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்கள்தான் வேலை செய்கின்றன, தடிமனைக் கூட்டிப் பார்க்கும் இடம் அதுவல்ல.

கழற்றும் வரிசையில் ஒன்றே ஒன்று முக்கியம். ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே, பைப்பைக் (ஃபோர்க்கின் மேல் குழாய்) கவ்வியிருக்கும் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பைப்பின் வாயை மூடும் டாப் கேப்பையும் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். மேல் கிளாம்ப் இறுகியிருந்தால் கேப்பின் மரை பிடித்துக்கொள்ளும். ஃபோர்க்கை வெளியே எடுத்துவிட்டால் பைப்பைப் பிடிக்க இடமிருக்காது, வைஸில் வைத்தால் குரோம் போய்விடும். பைப் கிளாம்புக்கு மேலே எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலிலேயே அளந்து எழுதிக்கொள்ளவும். பிரேக் காலிப்பரைக் கம்பியில் தொங்கவிட வேண்டும், ஹோஸில் அல்ல. கடைசி மரையில் கேப் ஸ்பிரிங் வேகத்தில் எகிறும். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்பவும், முகம் நேர் மேலே வேண்டாம். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுற்று எந்தப் பக்கம் இருந்தது என்றும் குறித்துக்கொள்ளவும்.

வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் ஃபோர்க்கின் சரித்திரம் தெரியும். வந்தது ஈயச் சாம்பல் நிறம், வெயிலில் சாய்த்தால் மீன்செதில் மாதிரி மினுக்கு. ஸ்பிரிங் பைப்பில் உரசியதும், குழாய்கள் வழுக்கும் வளையமான புஷ் தேய்ந்ததும் அது. பால் நிறமாக வந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வலது பக்கம் 162 மி.லி., இடது பக்கம் 138. பைப்பின் உள்விட்டம் 30 மி.மீ., அதாவது 10 மி.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 7 மி.லி. ஆகவே அந்த 24 மி.லி. வித்தியாசம் 34 மி.மீ. உயரம். இரண்டு பக்கமும் வேறு வேறு ஃபோர்க்காக நடந்திருக்கிறது. இடது டஸ்ட் சீலைத் தூக்கிப் பார்த்தால் சீல் உதட்டில் மணல். மெல்லிய பிலிம் துண்டை வளைத்து உள்ளே விட்டுச் சுற்றி எடுத்ததில் கசிவு நின்றது. உதடு கிழிந்திருந்தால் இந்த வித்தை பலிக்காது, சீல் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கவிழ்த்து வைத்துப் பைப்பைப் பலமுறை இழுத்து அமுக்கினால்தான் டேம்பர் ராடுக்குள் இருப்பது வரும். அப்படியும் பாட்டத்தின் (ஃபோர்க்கின் கீழ்க் குழாய்) அடியில் சேறு தங்கும். கொஞ்சம் மெல்லிய ஃபோர்க் ஆயிலையே ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவது நல்லது. மண்ணெண்ணெய் விட்டால் முழுதும் வடியாது, மிச்சம் புதிய ஆயிலை நீர்க்கச் செய்யும். அடி போல்ட்டைக் கழற்றுவதாக இருந்தால் ஸ்பிரிங்கும் கேப்பும் உள்ளே இருக்கும்போதே கழற்ற வேண்டும். இல்லையென்றால் டேம்பர் ராட் கூடவே சுற்றும். அதன் செம்பு வாஷர் புதிதாகவே போடவும்.

மி.லி. கணக்கு நிரப்புவதற்கு வழிகாட்டிதான். உள்ளே எவ்வளவு பழையது ஒட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, முழுதும் பிரித்த ஃபோர்க் கூடுதலாகவே குடிக்கும். கடைசி வார்த்தை காற்று இடைவெளியுடையது: ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை முழுதாக உள்ளே இறக்கி, செங்குத்தாக நிறுத்தி, பைப்பின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை. அளக்கும் முன் எதிர்ப்பு ஒரே சீராக வரும்வரை மெதுவாகப் பம்ப் செய்து, குமிழி அடங்கக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பெரிய சிரிஞ்சில் விறைப்பான குழாய் மாட்டி, நுனியிலிருந்து வேண்டிய நீளத்தில் ஒரு கேபிள் டை இறுக்கிவிட்டால் கருவி தயார். கொஞ்சம் அதிகமாக ஊற்றி, டை விளிம்பில் உட்காரும்படி இறக்கி, காற்று உறிஞ்சும்வரை இழுத்தால் மட்டம் தானாக அமையும். மேனுவல் அளவு 130 மி.மீ., இரண்டு பக்கமும் அதுவே வைத்தாயிற்று.

அந்த இடைவெளிக் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான், பயணத்தின் கடைசிப் பகுதியில்தான் அது விறைக்கும். ஃபோர்க் கடைசிவரை இறங்கி இடித்தால் ஆயிலை 5 மி.மீ. உயர்த்திப் பார்க்கலாம். ஒரேயடியாக உயர்த்தினால் காற்றுக்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறி, சீலைத் தள்ளிவிடும்.

ஆட்டம் 36 சென்டிஸ்டோக்ஸிலேயே அடங்கியது. அமுங்கல் மிச்சம். ஆள் உட்கார்ந்தபோது 52 மி.மீ. இறங்கியது, சாலை வண்டிக்குப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. இரண்டு பக்கமும் ஸ்பிரிங்குக்கும் கேப்புக்கும் நடுவே இருக்கும் குழாய்த் துண்டான ஸ்பேசரை, பழையதைவிட 12 மி.மீ. நீளமாக வெட்டிப் போட்டதில் 40-க்கு வந்தது. ஸ்பேசர் ஸ்பிரிங்கை விறைப்பாக்காது, நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றும். பிரேக்கில் கடைசிவரை போய் முட்டாமல் இருக்க இந்த வண்டிக்கு அது போதுமானது. பாரம் ஏற்றி ஓட்டுபவர்களுக்குப் போதாது, அவர்கள் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

பூட்டும்போது ஆக்சில் நட்டை இறுக்கி, பாட்டத்தில் ஆக்சிலைக் கவ்வும் பின்ச் போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, முன்பக்கத்தைச் சில முறை அமுக்கிய பிறகுதான் பின்ச்சை இறுக்க வேண்டும். பாட்டம் தனக்கான இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இதை விட்டால் இரண்டு பைப்பும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காமல், எந்த ஆயில் ஊற்றினாலும் ஃபோர்க் ஒட்டி ஒட்டி நகரும். வண்டியை நகர்த்தும் முன் பிரேக் லிவரைப் பிடித்துப் பிடித்து பேட் கவ்வுகிறதா என்று பார்க்கவும்.

பைப்பில் ஒரு கேபிள் டை கட்டிவிட்டு ஓட்டியதில், டை தள்ளப்பட்ட தூரத்தை வைத்துப் பார்த்தால் 120-இல் பயன்பட்டது 104 மி.மீ. மிச்சம் 16 இருக்கும்வரை ஆயில் மட்டத்தில் கைவைக்கத் தேவையில்லை.