டெங்கு பரவிய மழைக்காலமும் எங்கள் சமுதாய வானொலியும்

2017-ல் தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவியபோது, காவிரி டெல்டாவில் ஒரு சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு மாநிலத்தில் 23,000-க்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்ததாக அரசுக் கணக்கு. எங்கள் டிரான்ஸ்மிட்டர் 50 வாட் தான். சமவெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும். ஆனால் அந்த வட்டத்துக்குள் எந்தத் தெருவுக்கு எப்போது குழாய்த் தண்ணீர் வரும், எந்த வயலில் நடவு என்பதுவரை எங்களுக்குத் தெரியும். இந்த வேலையை இனிச் செய்யப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வட்டார மருத்துவ அலுவலரைப் போய்ப் பார்த்தோம். சமுதாய வானொலி தானாகச் செய்தி திரட்டி வாசிக்க விதிகளில் இடமில்லை, சுகாதாரத் தகவலுக்குத் தடையில்லை. எனவே எந்த ஊரில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்ற பேச்சே வேண்டாம், என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்வோம் என்று முடிவானது. நோயாளியின் பெயரோ தெருவோ வெளியே வரக்கூடாது என்பதில் டாக்டர் கறாராக இருந்தார். காய்ச்சல் கண்ட வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடக்கூடாது என்று அக்கம்பக்கத்தில் தடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

அடுத்து எழுத்து வேலை. கையில் கிடைத்த துண்டறிக்கைகளில் 'சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருப்போம்' என்றிருந்தது. அதை அப்படியே வாசித்தால் சாக்கடையைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரைத் தேடி முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டைகள் தொட்டியின் உள்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை கழுவாத வீடு குறைவு. சரி, அதையே பிடித்துக்கொள்வோம் என்று, 'வீடு கழுவும்போது தொட்டியையும் தேய்த்துவிடுங்கள், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லையும் ஒரு பார்வை பாருங்கள்' என்று வியாழன் மாலையும் வெள்ளி காலையும் சொன்னோம். மதியமும் ஒருமுறை போட்டோம். நடவுக்குப் போகும் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது சாப்பாட்டுக் கூடையில் யாராவது ஒருவருடைய செல்போனில் எங்கள் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

தொட்டியில் கொசுப்புழு மருந்து ஊற்ற வரும் பெண்களுக்குப் பல வீடுகளில் கதவு திறக்கவில்லை. 'குடிக்கிற தண்ணியில விஷத்தைக் கலக்குறீங்களா' என்று சண்டை. அவர்களில் ஒருவரை ஸ்டுடியோவுக்கே அழைத்துவந்தோம். அபேட் என்ற அந்தக் கொசுப்புழு மருந்தை லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் குடிநீரில் சேர்க்க உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது என்று உடன் வந்த சுகாதார ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார். அந்த அக்கா சுருக்கமாகச் சொன்னார்: "எங்க வீட்டுத் தொட்டியிலயும் இதேதான் ஊத்துறேன். என் புள்ளைங்களும் அந்தத் தண்ணியத்தான் குடிக்குது." ஊருக்குள் சுற்றியது இந்தப் பேச்சுதான். அடுத்த வாரம் ஒரு வீட்டில், 'ரேடியோல பேசினது நீதானாம்மா' என்று உட்காரவைத்து மோர் கொடுத்தார்களாம். வந்து சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

என்னைக் கேட்டால், இதில் எல்லாம் முக்கியமானது நேரலையில் கேள்வி வாங்கியதுதான். நாங்கள் கொசுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கேட்பவர்களின் கவலை வேறாக இருந்தது. நிலவேம்பு குடித்தால் போதுமா, பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்டார்கள். அதைக் குடிக்கிறோம் என்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். வலி தாங்காமல் மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் மாத்திரைகளில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் இருந்தால் ரத்தக்கசிவு கூடும் என்பதும் அப்படி ஒரு கேள்வியில் வந்ததுதான். அப்புறம் ஓர் அம்மா பேசினார். "காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர். ஆனா புள்ள வயிறு வலிக்குதுன்னு சுருண்டு கெடக்கான், வாந்தி நிக்கல. நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாமா?" டாக்டர் குரல் மாறிவிட்டது. "போனை வச்சிட்டு உடனே 108-ஐக் கூப்பிடும்மா." காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம் என்று அதன்பிறகு அவர் நிதானமாக விளக்கினார்: விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், துவண்டுபோதல். அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, மறுநாளிலிருந்து எல்லா நிகழ்ச்சிக்கும் நடுவே போட்டோம். பையன் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினான்.

மழை நின்றதும் காய்ச்சல் பேச்சும் குறைந்தது. வெள்ளிக்கிழமை அறிவிப்பை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. கோடையில் 'கொசுவே இல்லையே, இப்ப எதுக்கு இது' என்று சிலர் போன் செய்து கேட்டார்கள். தொட்டிச் சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும் முட்டை அடுத்த மழைத்தண்ணீர் பட்டதும் பொரியும் என்று அவர்களுக்குச் சொன்னோம். அதையும் பதிவுசெய்து ஒலிபரப்பினோம்.