குலசேகரத்து மழையில் என் கற்றாழை

ஆரல்வாய்மொழியில் எங்கள் அம்மா வீட்டு வாசல் நிலையில், கண்ணேறுக்காகத் தலைகீழாகக் கட்டிய சோற்றுக்கற்றாழை ஒன்று தொங்கும். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது பாட்டுக்கு மேலே வளைந்து இலை விட்டுக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவள், கல்யாணமாகிக் குலசேகரம் வந்தபோது புறவாசலிலிருந்து இரண்டு கன்றுகளைப் பிடுங்கி வந்தேன். இதையெல்லாம் வளர்க்கவா தெரியாது என்ற நினைப்பு.

பிளாஸ்டிக் வாளியில் தேங்காய் நார்க்கழிவும் காய்ந்த சாணமும் போட்டு நட்டேன். தினமும் ஒரு செம்பு தண்ணீர். ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுற்றும், மழை பெரும்பாலும் சாரலோடு போய்விடும். இங்கே மழை நின்றாலும் ரப்பர் மரம் சொட்டுவது நிற்பதில்லை. இரண்டும் ஒரே குமரி மாவட்டம்தான்!

ஜூலையில் இலைகள் வெளுத்துத் துவண்டன. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அங்கேதான் தப்பு. தண்ணீர் போதாத கற்றாழை இலை மெலிந்து ஓரம் உள்பக்கம் சுருளும். தண்ணீர் மிஞ்சினால் அடி இலை கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கொழகொழக்கும். மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “மக்ளே, நீ கற்றாழை வளக்கியா, கஞ்சி காச்சுகியா?” என்றார்.

ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது, நாற்றம் வேறு. அது போயிற்று. மற்றதன் அடித்தண்டை, கறுப்பு முழுவதும் போய் வெள்ளை தெரியும்வரை கத்தியால் சீவினேன். நட அவசரப்படவில்லை. திண்ணையில் ஒரு வாரம் கிடந்து வெட்டுவாய் காய்ந்தது. தனி இலையை நட்டாலும் வருமே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பி இரண்டு இலையையும் ஊன்றினேன். இரண்டும் அழுகின. குருத்தோடு தண்டு இருந்தால்தான் வேர் விடும்.

இந்த முறை மண் தொட்டி. அடியில் உடைந்த ஓட்டுச்சில், மேலே செம்மண் ஒரு பங்கு, வீட்டு வேலையில் மிஞ்சிய எம்சாண்ட் இரண்டு பங்கு. எம்சாண்டை அலசித் தூளைப் போக்காவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். சாணம் ஒரு பிடிதான். ஒரு வாரம் தண்ணீரே காட்டவில்லை. மழை படாத சன்ஷேடுக்கு அடியில், காலை வெயில் விழும் இடத்தில் வைத்தேன். ஒன்றரை மாதத்தில் நடுக்குருத்து நிமிர்ந்தது.

இப்போது தண்ணீர் ஊற்றுமுன் ஓர் ஈர்க்கிலைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுப்பேன். மண் ஒட்டி வந்தால் ஊற்றுவதில்லை. ஐப்பசி மழையில் மூன்று வாரம்கூடச் செம்பைத் தொடாமல் இருந்திருக்கிறேன். வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒருமுறை வந்தது, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தேன், போய்விட்டது.

இலை அறுத்தால் வடியும் மஞ்சள் பாலை முழுக்க ஒழுகவிட்டு அலசிய பிறகுதான் உள்சோற்றை எடுக்கிறேன். அந்தப் பால் வயிற்றுக்குப் போனால் பேதிதான். சிலருக்குத் தோலில் பட்டாலும் அரிக்கும்.

தொட்டியில் இப்போது ஐந்து குட்டிகள். ஒன்றை வாசல் நிலையில் கட்டச் சொல்லியிருக்கிறார் மாமி.