அரையாய்ப் போட்ட பேர்: மாணவர் ஆய்வரங்க நாட்குறிப்பு

ஜூன் 2, ஹட்டன், இலங்கை மலையகம்

எங்கள் கல்லூரியின் மாணவர் ஆய்வு, ஆக்க அரங்குக்கு இன்னும் பதினேழு நாள்கள் இருக்கின்றன. வந்து சேர்ந்த ஆய்வுச் சுருக்கங்களை நேற்றிரவு பதினொரு மணி வரை வாசித்தேன். ஒரு மாணவர், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் உள்ள மரக்கறித் துண்டுகளின் மண்ணைச் சோதித்திருக்கிறார். தேயிலைக்கு உகந்த மண் பிஎச் 4.5 முதல் 5.5 வரை அமிலத்தன்மை கொண்டது. அதே மண்ணில் கோவா (முட்டைக்கோஸ்) ஏன் தேறுவதில்லை, அமிலத்தைக் குறைக்கும் டொலமைட் தூள் இட்டால் என்ன மாற்றம் வருகிறது என்று வீட்டிலிருந்தே கேள்வியை எடுத்திருக்கிறார். அளவீடுகள் ஒழுங்காக உள்ளன. அட்டவணையை மட்டும் சுருக்கச் சொல்ல வேண்டும்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் தோட்டத் தொழிற்சொல் ஆய்வு. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்து வாயில், காலையில் வேலைக்கு ஆள் கூடுவதைக் குறிக்கும் பெரட்டு ஆனது. கொழுந்து நிறுக்கும் இடம் மடுவம், நாற்று வளர்க்கும் இடம் தவறணை, செடியை வெட்டிச் சீராக்குவது கவ்வாத்து. இவற்றை நாங்கள் எல்லோரும் சொல்லித்தான் வளர்ந்தோம். ஆனால் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர் வந்தது எப்படி என்று இதுவரை நான் நின்று யோசித்ததில்லை. வேலைக்கு வந்தவரின் பெயர், வரவுப் பதிவேடான செக்ரோலில் பதியப்பட்டால்தான் அந்த நாள் கணக்கில் சேரும். ஆகவே, "இந்த மாசம் எத்தனை பேர்?" என்ற கேள்வி ஆள்களைக் குறிப்பதன்று, உழைத்த நாள்களைக் குறிப்பது என்று அவர் விளக்கியிருக்கிறார். நிர்ணயித்த கிலோ வராத நாளுக்கு அரைப்பேர்.

ஜூன் 6

அந்த மாணவி இன்று என் அறைக்கு வந்தார். தகவல் தந்தவர்களின் பெயர்களை நீக்கி, 'தகவலாளர் 1', 'தகவலாளர் 2' என்று எழுத வேண்டும் என மதிப்பீட்டாளர் குறித்திருந்தார். அந்த விதியை எழுதியவள் நான்தான். சம்பளம், நோய், குடும்பச் சண்டை போன்றவற்றைப் பற்றிப் பேசுபவர் நாளை துன்பப்படக்கூடாது என்பதற்காகவே அதை எழுதினேன். அந்தக் காரணம் இன்றும் சரியானது.

"மிஸ், முதல் தகவலாளர் எங்க அம்மாயி. பேர் போடாட்டி அவங்க சொன்னது யாரு கணக்குல சேரும்?" என்று, தம் அம்மாவின் அம்மாவைக் குறித்துக் கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒருவர், தம் சொற்களுக்குத் தாமே பொருள் சொல்கிறார். அவரைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிப் பெயரை அழிப்பது, அறிவை அவரிடம் பெற்றுக்கொண்டு உரிமையை மாணவிக்கும் கல்லூரிக்கும் எழுதிக்கொள்வதாகும்.

ஜூன் 8

விதியைத் திருத்தினேன். பெயர் வர வேண்டுமா, மறைய வேண்டுமா என்பதைத் தகவல் தந்தவரே தீர்மானிப்பார். ஒப்புதல் படிவத்தை அவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். உடன் ஆசிரியர்கள் இருவர் எதிர்த்தார்கள். ஊர் சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற அவர்களின் அச்சம் பொருளற்றதன்று. எனவே நிர்வாகத்தைப் பற்றிய வாக்குமூலங்களில் மட்டும் மாணவர் பொறுப்பாசிரியரிடம் மீண்டும் கேட்க வேண்டும் என்று சேர்த்தோம்.

ஜூன் 14

ஆக்கப் பிரிவின் ஒத்திகை. மாசியில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடந்தபோது பதிவு செய்த, தப்பு என்ற பறையின் அடிகளை நான்கு மாணவர்கள் வாசித்துக் காட்டுகிறார்கள். காலையிலிருந்து பனிமூட்டம் விலகவில்லை. ஈரத்தில் தோல் தளர்ந்து, தப்பு நனைந்த அட்டையைத் தட்டுவது போல ஒலித்தது. மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட அனுமதியில்லை. ஆகவே பின்முற்றத்தில் காய்ந்த தேயிலைச் சுள்ளிகளான மிலாறுகளைக் கொளுத்தி, தப்பைத் தணலுக்கு மேல் சாய்த்துப் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார்கள். மந்தமான ஒலி மெல்ல மெல்ல இறுகிக் கணீரென்று வந்த பிறகே உள்ளே ஓடினார்கள். இந்தக் காய்ச்சலையும் நிகழ்ச்சியின் பகுதியாகவே முற்றத்தில் வைத்துக் காட்டுங்கள் என்றேன்.

ஜூன் 19

அரங்கு நடந்தது. கட்டுரைகள் பெரும்பாலும் நேரத்துக்கு முடிந்தன. மண் ஆய்வுக்கு நல்ல கேள்விகள் வந்தன.

ஒரு மாணவர், ட்ரங்குப் பெட்டி ஒன்றில் தம் குடும்பக் கடிதங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார். 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்தக் கணக்கில் நீலகிரிக்குப் போன பெரியப்பா, "அங்கே மழை எப்படி?" என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறார். பெட்டியின் முன்னால் பலர் பேசாமல் நின்றார்கள்.

மாணவியின் அம்மாயி பொகவந்தலாவையிலிருந்து காலை பஸ் ஏறி, நோர்வூட், டிக்கோயா வழியாக வந்து சேர்ந்தார். முன்வரிசையில் உட்கார வைத்தோம். பேத்தி 'அரைப்பேர்' என்பதைப் பாதிச் சம்பளம் என்று விளக்கியதும் கையை உயர்த்தினார்.

"அது செக்ரோல்ல எழுதுறது மிஸ். நாங்க அப்பிடிச் சொல்ல மாட்டோம். 'இன்னைக்கு என்னைய அரையாப் போட்டுட்டாங்க'ன்னுதான் சொல்லுவோம்."

சம்பளம் பாதி ஆகவில்லை; சொல்பவரின் பேச்சில் ஆளே பாதி ஆகியிருக்கிறார். மூன்று மாதங்கள் நேர்காணல் செய்தும் எங்கள் எவருக்கும் எட்டாத வேறுபாடு அது. பேத்தி மேடையிலேயே குறிப்பேட்டைத் திறந்து, அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார்.

ஜூன் 21

சுருக்கத் தொகுப்பில் நாற்பத்தாறு பிரதிகள் மீதம் இருந்தன. அம்மாயியின் வாக்கியத்தையும் அதன் கீழ் அவரது முழுப்பெயரையும் அச்சிட்ட திருத்தச் சீட்டை, மாணவியும் நானும் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒட்டினோம். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தொகுப்பில் அச்சிடத்தான் அவரிடம் ஒப்புதல் பெற்றோம், இதற்குப் பெறவில்லை. ஒரு பிரதியை மாணவி சனிக்கிழமை தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார்.