கடல் வழியே டால்மேஷியா

குரோஷியாவின் டால்மேஷியக் கரையில் உள்ள பழைய ஊர்கள் எல்லாம் கடலுக்கு முகம் காட்டிக் கட்டப்பட்டவை. பேருந்தில் போய் இறங்குகிறவர் அவற்றின் கொல்லைப்புறமாகத்தான் உள்ளே நுழைகிறார். நண்பர்கள் சிலருடன் பாய்மரப் படகொன்றை வாடகைக்கு எடுத்து, ஸ்பிலிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் வரை தீவு தீவாகச் சென்ற பிறகு, அந்தப் பக்கம் போக விரும்புகிற எவரிடமும் நான் முதலில் சொல்வது, முடிந்தால் கடல் வழியே போங்கள் என்பதுதான்.

ஸ்பிலிட்டிலேயே இது விளங்கிவிடுகிறது. ரோமப் பேரரசர் டயோக்லீஷியன் கி.பி. 305இல் பதவி துறந்தபின் வாழ்வதற்காகக் கட்டிய அரண்மனையின் தெற்குச் சுவர், அந்நாளில் நேரே கடல் நீரை ஒட்டி எழுந்தது. படகுகள் தெற்கு வாயிலுக்கே வந்து நின்றன. இன்று அந்தச் சுவருக்கு முன்னால் நடைபாதையும் பனை மரங்களும் காபிக் கடைகளின் குடைகளும் இருப்பதால், கரையில் நிற்பவருக்கு அது துண்டு துண்டாகவே தெரிகிறது. துறைமுகத்துக்குள் படகு திரும்பும்போதுதான் அதன் வளைவுகளின் வரிசை முழுவதும் ஒரே பார்வையில் அகப்படுகிறது. 7ஆம் நூற்றாண்டில் அருகிலிருந்த சலோனா நகரம் அழிந்தபோது தப்பி வந்தவர்கள் இந்த அரண்மனைக்குள் குடியேறினார்கள். இன்றும் அதற்குள் மக்கள் வாழ்கிறார்கள்.

ஹ்வார் தீவுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி ஹ்வார் நகரத்துக்குப் போகிறது. நாங்கள் வடக்குப் பக்கத்திலுள்ள ஸ்டாரி கிராட்டைத் தேர்ந்தோம். கி.மு. 384இல் ஏஜியன் கடலின் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் நிறுவிய ஊர் இது. நிலத்துக்குள் நெடுந்தூரம் நீண்டு செல்லும் குடாவுக்குள் நுழைந்து, பைன் மரங்கள் அடர்ந்த சரிவுகளைக் கடந்து, அதன் முடிவில் ஊரையும் ஊருக்குப் பின்னால் விரியும் சமவெளியையும் காணும்போது, அவர்கள் இங்கே ஏன் இறங்கினார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஏறத்தாழ 900 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் கொண்ட பாகங்களாக அளந்து பிரித்த அந்த நிலத்தில், அதே எல்லைக் கோடுகளில் நிற்கும் கல் வரப்புகளுக்குள் திராட்சையும் ஆலிவும் இப்போதும் விளைகின்றன. 2008இல் யுனெஸ்கோ அந்தச் சமவெளியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அந்த ஊரில் என்னை நெடுநேரம் நிறுத்தியது 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பெதார் ஹெக்டரோவிச்சின் கோட்டை வீடு. அதன் முற்றத்தில், கல் வளைவுகள் சூழ, கடல் நீர் வந்து போகும் குளம் ஒன்று இருக்கிறது. அதில் மடவை மீன்கள் கூட்டமாகச் சுற்றி வருகின்றன. இந்தக் கவிஞர் இரண்டு மீனவர்களோடு படகில் மூன்று நாள் அருகிலுள்ள தீவுகளுக்குச் சென்று வந்து, அந்தப் பயணத்தையே கவிதையாக எழுதினார். 1568இல் வெனிஸில் அச்சான அந்த நூலில், மீனவர்களின் பெயர்களையும் அவர்கள் பாடிய பாடல்களையும் இசைக் குறிப்போடு அவர் பதிவு செய்திருக்கிறார். உழைப்பாளிகளின் பாட்டை ஏட்டில் ஏற்றத் தகுந்ததாகச் செல்வர்கள் கருதாத காலத்தில் அவர் இதைச் செய்தார் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கொர்ச்சுலா தீவில் அதே பெயரில் உள்ள ஊரை முழுமையாகப் புரிந்துகொள்ளக் காற்றையும் அறிந்திருக்க வேண்டும். இந்தக் கடலில் வடகிழக்கு மலைகளிலிருந்து சரிந்து வீசும் குளிர்காற்று பூரா. கோடைப் பிற்பகல்களில் வடமேற்கிலிருந்து வரும் இதமான காற்று மேஸ்த்ரால். மழையையும் பேரலையையும் கொண்டுவரும் தென்கிழக்குக் காற்று யூகோ. வாடை, கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் நம் கரையோர மக்களுக்கு இது எளிதில் புரியும். கடலுக்குள் நீட்டிய சிறு முனையில் அமைந்த பழைய கொர்ச்சுலாவில், நடுவே ஒரு தெருவும் அதன் இருபுறமும் மீன் முள் போலப் பிரியும் சந்துகளும் உள்ளன. மேற்குப் பக்கச் சந்துகள் மேஸ்த்ராலை உள்ளே விடும்படி நேராக இறங்குகின்றன. கிழக்குப் பக்கச் சந்துகள் பூராவைத் தடுக்கும்படி சற்றே வளைந்து செல்கின்றன. பிற்பகலில் மேற்குச் சந்தின் படியில் உட்கார்ந்தால் சட்டை படபடக்கிறது. நடுத்தெருவைக் கடந்து கிழக்கே இறங்கினால் கொடியில் காயும் துணிகூட அசைவதில்லை. நாள் முழுவதும் அதே காற்றை நம்பிப் பாய் விரித்து வந்தவர்களுக்கு இது தனி மகிழ்ச்சி.

மார்கோ போலோ பிறந்ததாகச் சொல்லி அங்கே ஒரு வீட்டைக் காட்டுகிறார்கள்; அதற்கு உறுதியான சான்று இல்லை. 1298இல் ஜெனோவாவின் கப்பற்படை இந்தத் தீவுக்கு அருகே வெனிஸின் படையை முறியடித்ததுதான் உறுதியான வரலாறு.

படகைத் தாமே செலுத்த விரும்புகிறவர்களுக்கு உரிமமும் வானொலி இயக்கச் சான்றிதழும் தேவை. நாங்கள் உள்ளூர் மாலுமி ஒருவரை அமர்த்திக்கொண்டோம். நங்கூரம் இடுவதற்கு முன் அவர் எங்களில் ஒருவரை முன்னணியத்தில் நிற்க வைத்து, நீருக்கடியில் வெளிறித் தெரியும் மணல் திட்டைத் தேடச் சொல்வார். கருமையாகத் தெரிவது பொசிடோனியா என்னும் கடற்புல். நங்கூரம் அதைப் பிடுங்கிவிட்டால் மறுபடி வளர மிக நீண்ட காலம் ஆகும். வாடகைப் படகுகள் பெருகிவிட்ட இக்காலத்தில் ஒவ்வொருவரும் இந்தக் கவனத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்.

டுப்ரோவ்னிக் 1808 வரை தனிக் குடியரசாக இருந்த நகரம். கடல் கொண்டுவந்த வணிகத்தால் வளர்ந்த அது, கடல் வழியே நோய் வரும் என்பதையும் உணர்ந்திருந்தது. கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருபவர்கள் நகருக்குள் நுழையுமுன் 30 நாள் அருகிலுள்ள சிறு தீவுகளிலோ சவ்தாத் என்னும் ஊரிலோ தங்க வேண்டும் என்று 1377இலேயே சட்டம் இயற்றியது. பின்னாளில் அதற்காகக் கட்டிய லசரெத்தி என்னும் கல் கட்டடங்கள் கிழக்கு வாயிலுக்கு வெளியே, நீரோரமாக, இன்றும் நிற்கின்றன. வாடகைப் பாய்மரப் படகுகள் பெரும்பாலும் பழைய துறையில் தங்குவதில்லை. நகருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, கொமோலாட்ஸ் மரினா என்னும் படகுத்துறைக்குப் போகின்றன. அங்கே போவதற்கு முன், தெற்கு மதிலுக்கு எதிரே மெதுவாகச் சென்று, செயின்ட் ஜான் கோட்டையையும் துறையைக் காக்கும் 15ஆம் நூற்றாண்டு அலைதடுப்புச் சுவரையும் லசரெத்தியையும் கடலிலிருந்து பார்த்துவிடுங்கள். காலையில் சென்றால் காற்று குறைவாக இருக்கும். சுற்றுலாப் படகுகளின் நெரிசலும் அப்போது தொடங்கியிருக்காது.