"கல்லுக்குத்தானே ஊத்தினேன்": எண்ணெயில்லாமல் 100 நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 100 நாளும் நான் ஒழுங்காக இருக்கவில்லை. இரண்டு இடத்தில் சறுக்கினேன். ஒன்று தெரிந்தே, ஒன்று தெரியாமல். தெரியாமல் சறுக்கியதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

ஜூன் தொடக்கம், மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168 என்று வந்தது. அப்பாவுக்கு இதய நோய் இருந்த குடும்பம் எங்களுடையது. மருத்துவர் மாத்திரை எழுதப் போனார், நான் மூன்று மாதம் அவகாசம் கேட்டேன். "சரி, அப்படின்னா அரைகுறையா வேணாம்" என்று சொல்லி ஒவ்வொன்றாக அடித்தார். கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் போச்சு. எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. தேங்காய், எள், நிலக்கடலை, முந்திரி கிடையாது. அரிசியிலும் பருப்பிலும் இயல்பாகவே இருக்கும் துளிக் கொழுப்பு போதும் என்றார். டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க மருத்துவர் இதய நோயாளிகளை வைத்து நடத்தி, 1990-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் சொன்னார். அந்த ஆய்வுச் சாப்பாட்டில் மொத்தக் கலோரியில் 10 சதவீதம்தான் கொழுப்பு. அதிலாவது கொழுப்பு நீக்கிய பாலும் முட்டையின் வெள்ளைக்கருவும் உண்டு, எங்கள் டாக்டர் அதையும் விடவில்லை.

அடுத்து உணவு ஆலோசகர் அறை. முன்னூறு ரூபாய் கட்டினால் ஒரு ஜெராக்ஸ் தாள் கையில் வந்தது. அதில் பனீர் 50 கிராம், மோர் ஒரு டம்ளர், ஆலிவ் எண்ணெய் 2 டீஸ்பூன் என்று இருந்தது. "மேடம், எனக்குப் பால் பொருளும் எண்ணெயும் கூடாதுன்னு எழுதியிருக்காங்களே" என்று சீட்டைக் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது எல்லாருக்கும் பொதுவான சார்ட்மா, வேண்டாததை நீங்களே அடிச்சுக்குங்க" என்று சொல்லி பேனாவையும் நீட்டினார். அடித்தேன். மிச்சம் இருந்தது ஓட்ஸும் ப்ரோக்கோலியும். மாயவரம் மார்க்கெட்டில் வாழைத்தண்டும் கீரையும் குவிந்து கிடக்க, நான் எதற்கு ப்ரோக்கோலி தேடி அலைய வேண்டும்?

முதல் வாரம் நான் செய்த பெரிய தப்பு, எப்போதும் சாப்பிடும் அளவே சாப்பிட்டது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலோ புரதத்திலோ ஒரு கிராமுக்கு 4 தான். எண்ணெயை எடுத்துவிட்டு மூன்று இட்லியோடு எழுந்தால் பதினோரு மணிக்கே கண் இருட்டிக்கொண்டு வராமல் என்ன செய்யும்? அது தெரியாமல், எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை கும்பகோணத்தில். தினமும் ரயில். சாயங்காலம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது மசால்வடைக் கூடை வரும். அந்தச் சோம்பும் வெங்காயமும் பொரிந்த வாசனை மூக்கில் ஏறினால் திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் என்று ஊர் ஊராகக் கூடவே வந்து மாயவரத்தில்தான் இறங்கும். மூன்றாம் நாள் பையில் இருந்த பேரீச்சம்பழம் முழுவதையும் தின்றும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் அத்தைக்கும் வீட்டுக்காரருக்கும் நானேதான் தாளிக்க வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழும் அந்த நொடி இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது.

சரி, எண்ணெய் இல்லாமலே அதே பலகாரத்தைச் செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். இங்கேதான் ஒரு மாதம் வீணாய்ப் போனது. கடன் வாங்கிய ஏர் ஃப்ரையரில் போட்ட மெதுவடை வெளியே கல், உள்ளே பசை. அத்தை ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, "இத தின்றதுக்கு நீ பட்டினியா கெடக்கலாம்டி" என்றார். ஓவனில் சுட்ட முறுக்கைக் கடித்ததில் பல் அடைத்த சிமெண்ட் பெயர்ந்தது, அதற்குத் தனிச் செலவு. டிகிரி காபிக்குப் பதிலாக சோயா பால் ஊற்றிக் காபி போட்டேன். (சோயா பாலிலும் கொழுப்பு உண்டு, அதையும் நான் முதலில் பார்க்கவில்லை.) ஒவ்வொரு வாய்க்கும் நிஜக் காபி ஞாபகம்தான் வந்தது. டபராவில் ஆற்றினால் இன்னும் மோசம்.

இப்படிப் போலி தின்னத் தின்ன ஆசை கூடிக்கொண்டே போனது. இது என் ஒருத்திக்கு மட்டும்தானோ என்று நினைத்தேன். பிறகு படித்ததில், மேட்டிஸ் என்ற ஆய்வாளர் 1993-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். 12 வாரம் கொழுப்பைக் குறைத்தவர்களில், கொழுப்பு மாதிரியே ருசிக்கும் மாற்றுப் பொருள்களையும் கைவிட்டவர்களுக்குத்தான் கொழுப்பின் மேல் இருந்த விருப்பம் குறைந்ததாம். மாற்றுப் பொருளை வைத்து நாக்கை ஏமாற்றியவர்களுக்கு ஆசை அப்படியே இருந்திருக்கிறது. இதை அந்த ஜெராக்ஸ் தாளில் ஒரு வரி போட்டிருந்தால் என் பல் பிழைத்திருக்கும்.

அப்புறம்தான் பிறவியிலேயே எண்ணெய் சேராத சாப்பாடு எது என்று யோசித்தேன். அது நம் வீட்டிலேயே நிறைய இருந்தது. காலையில் பழையது, தயிர் இல்லாமல், நீராகாரத்தோடு சின்ன வெங்காயமும் உப்புப் போட்ட மாங்காய்த் துண்டும். தட்டில் எண்ணெய் தடவாமல் துணி போட்டு ஊற்றிய இட்லி. அதற்குத் தேங்காயும் கசகசாவும் தள்ளி, சோம்பும் பொட்டுக்கடலையும் கொஞ்சம் அரைத்துவிட்ட கடப்பா (எங்கள் பக்கத்துப் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பு). சுட்ட கத்தரிக்காய் கொத்சு. அவித்த பாசிப்பயறு, மரவள்ளிக்கிழங்கு. மொறுமொறுப்புக்குத் தணலில் சுட்ட அப்பளம். அதில் உப்பு அதிகம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மணத்தக்காளி வத்தலை வெறும் வாணலியில் சிறுதீயில் வறுத்தாலே பொரிந்த மாதிரி வரும். மோர்மிளகாயை அப்படி வறுக்கப் போய், வாயருகே கொண்டுபோன பிறகுதான் அதன் பெயரிலேயே மோர் இருக்கிறது என்று உறைத்தது.

தாளிப்புக்கும் வழி உண்டு. காய்ந்த வாணலியில் கடுகைப் போட்டு மூடி வைத்தால் எண்ணெய் இல்லாமலே வெடிக்கும், தீ கூடினால் கருகிக் கசக்கும். வெங்காயத்தை ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் தெளித்து வதக்கலாம். நல்லெண்ணெய் மணம் வராது, வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். புளியையும் மிளகையும் தூக்கலாக விட்டால் நாக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. நான்கு மணிக்கு வயிறு நிறைய எதையாவது அவித்துத் தின்றுவிட்டு ரயிலடிக்குப் போக ஆரம்பித்த பிறகு வடைக் கூடையைத் தாண்ட முடிந்தது. மனக்கட்டுப்பாடு அதேதான். மாறியது நான்கு மணிச் சாப்பாடு ஒன்றுதான்.

தெரிந்தே சறுக்கியது ஆடிப்பெருக்கு அன்று. காவிரிக் கரைக்குக் கட்டிக்கொண்டுபோன சித்ரான்னத்தில் எனக்கென்று தனியாக எண்ணெயில்லாத எலுமிச்சைச் சாதம் டப்பாவில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது, சுற்றிலும் புளியோதரை வாசனை. அத்தை ஒரு உருண்டையைக் கையில் வைத்தார், தின்றேன். இரண்டாவதையும் நானே கேட்டு வாங்கித் தின்றேன். அதில் வருத்தமில்லை. ஆனால் அதற்கு அப்புறம் ஒரு வாரத்துக்கு ஆசை முதல் வாரம் போலவே பாடாய்ப் படுத்தியது, அதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை.

தெரியாமல் சறுக்கிய கதைக்கு வருகிறேன். மதியச் சாப்பாடு எடுத்துப்போக முடியாத நாள்களில் அலுவலகம் பக்கத்து ஓட்டல் ஒன்றில் "எண்ணெய் இல்லாம ஒரு தோசை" என்று சொல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். தோசை முறுகலாக, தங்க நிறத்தில் வரும். என் வீட்டு இரும்புக் கல்லில் எண்ணெய் விடாமல் ஊற்றினால் பிய்ந்து பிய்ந்து வருகிறதே, இவருக்கு மட்டும் எப்படி என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து ஒருநாள் கல்லுக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் தள்ளினார், பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எண்ணெயைக் கல்லில் ஊற்றினார், பாதி வெங்காயத்தால் தேய்த்தார், அப்புறம் மாவை ஊற்றினார். எழுந்துபோய்க் கேட்டேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போய், "கல்லுக்குத்தானே ஊத்தினேன்க்கா, தோசைக்குப் போடலியே" என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்? வெளியே சாப்பிட்டால் இட்லியோடு நிறுத்துங்கள், அதையும் தட்டில் எண்ணெய் தடவினீர்களா என்று கேட்டுக்கொண்டு. சாம்பாரில் தாளிப்பு இல்லாமல் இருக்காது. பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருப்பதைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை, பின்பக்கம் திருப்பிப் பாமாயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

செப்டம்பரில் மறுபடி பரிசோதனை. முதல் நாள் இரவு சாப்பிட நேரமாகிவிட்டது, காலையில் போனால், "ஒன்பது மணி நேரம்தான் ஆச்சு, எங்க லேப்ல பன்னிரண்டு மணி நேரம் இல்லாம எடுக்க மாட்டோம்" என்று அனுப்பிவிட்டார்கள். போனில் கேட்டபோது வெறும் வயிற்றில் வாங்க என்றுதான் சொன்னார்கள். அரைநாள் சம்பளம் போச்சு. எத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மறுநாள் எடுத்ததில் எல்டிஎல் 121. பேருந்து நிலையத்தில் நின்று அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். அடுத்த வரியில் ட்ரைகிளிசரைடு, இரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பு, 138-லிருந்து 194 ஆகியிருந்தது. 150-க்குள் இருக்க வேண்டியது. டாக்டர் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பலகாரத்தின் மேல் ஆசை வந்தபோதெல்லாம் நான் வெல்லம் போட்ட புட்டும் பேரீச்சையுமாக அள்ளித் தின்றிருக்கிறேன். எண்ணெய் இல்லாததால் கணக்கில் வராது என்று ஒரு நினைப்பு. ராத்திரியில் வெள்ளைச் சோறு வேறு. ஆர்னிஷின் ஆய்வில் இருந்தவர்கள் உடற்பயிற்சியும் செய்தார்கள், புகையை விட்டார்கள் என்பதையெல்லாம் நான் வசதியாகத் தாண்டிப் படித்திருந்தேன்.

இப்போது வெல்லத்தை நிறுத்தியாயிற்று, இரவுக்கு மாப்பிள்ளைச் சம்பாவோ சிவப்பு அவலோ. தினம் முக்கால் மணி நேரம் நடை. பி12 மாத்திரை ஒன்று, பால்கூட இல்லாத சாப்பாட்டில் அது கிடைக்காது என்பதால். ஒரு ஸ்பூன் ஆளிவிதைப் பொடிக்கு மட்டும் டாக்டர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்னைப் பார்த்து அதை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த பரிசோதனை டிசம்பரில். அதற்குள் தீபாவளி வருகிறது. அதிரசத்துக்குப் பச்சரிசி ஊறப்போட வேண்டும் என்று அத்தை இப்போதே ஆரம்பித்துவிட்டார். சுடப்போவது நான்தான்.