நடந்ததா, நடக்கவில்லையா: சீன நண்பர்களோடு ‘லியோ ஜீ’ தேர்வுக்குப் படித்தது

சீனாவுக்கு எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு அங்கே கேட்காமலே ஒரு வேலை வந்து சேரும். சீன மாணவர்கள் நமக்குச் சீனம் சொல்லித்தர வேண்டும், நாம் அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். எனக்கு வாய்த்த நண்பர்கள் ‘லியோ ஜீ’ எழுதத் தயாராகிக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்கள். கல்லூரி ஆங்கிலத் தேர்வின் ஆறாம் நிலையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும், மொத்தம் 710 மதிப்பெண். நான்காம் நிலையில் 425 எடுத்தவர்தான் இதில் உட்காரவே முடியும். ஆகவே இவர்களைத் தொடக்கநிலை மாணவர்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆயிரக்கணக்கான சொற்கள் மனப்பாடமாக இருக்கும். நம்மைவிட அதிகமாகவே இருக்கும்.

சிக்கல் அந்த மனப்பாடத்தில்தான். சொற்களை மனப்பாடம் செய்யும் செயலியில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் சீனப் பொருள். ஹிண்டர், ஹேம்பர், இம்பீட், அப்ஸ்ட்ரக்ட் என்று எதைத் தட்டினாலும் ‘ட்சூ ஆய்’ என்றே வரும். நான்குக்கும் ஒரே பொருள் என்று மனதில் படிந்த பிறகு, கட்டுரையில் எதை எங்கே போடுவது என்று கை தடுமாறுகிறது. பிரிவென்ட்டையும் இதே கும்பலில் சேர்த்துவிடுகிறார்கள்.

நடக்கவே விடாமல் தடுப்பதற்கும் இடைஞ்சல் செய்வதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் விளக்கி மாளாது. அவர்கள் மொழியிலேயே அது இருக்கிறது, அதைக் காட்டினால் போதும். ‘ட்சூ ஜி’ என்றால் நடக்கவிடாமல் நிறுத்துவது. கடைசி எழுத்துக்கே ‘நில்’ என்று பொருள். ‘ட்சூ ஆய்’ என்றால் இடைஞ்சல். காரியம் நடக்கலாம், ஆனால் சிரமப்பட்டு நடக்கும். பிரிவென்ட், ஸ்டாப் முதல் பக்கம். ஹிண்டர், ஹேம்பர், இம்பீட் இரண்டாம் பக்கம்.

எழுதிய வாக்கியத்தைச் சரிபார்க்க நாங்கள் வைத்திருந்த வழி, அதன் பின்னால் ‘ஆனாலும் முடித்துவிட்டார்கள்’ என்று சேர்த்துப் பார்ப்பது. மழை மீட்புப் பணியை ஹேம்பர் செய்தது, ஆனாலும் எல்லோரையும் மீட்டுவிட்டார்கள் என்றால் பொருந்தும். அதே இடத்தில் பிரிவென்ட் போட்டால் வாக்கியம் தன்னைத்தானே மறுக்கும். வாசிப்புப் பகுதியில் பதினைந்து சொற்களைக் கொடுத்துப் பத்து கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. அங்கே முதலில் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் இரண்டு வினைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

சொல்லின் வேரைப் பிடித்துப் படிப்பது சீன மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். இம்பீட்டுக்குள் இருப்பது லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் சொல். ‘ட்சூ ஜி’யின் கடைசியில் வரும் ‘ஜி’ என்ற எழுத்தும் ஆதியில் பாதத்தின் சித்திரம்தான். இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அங்கேயே விட்டுவிடக் கூடாது. அந்த எழுத்து பாதத்தை நிறுத்துகிறது. இம்பீட் பாதத்தில் தளை பூட்டுகிறது, அவ்வளவுதான். டிட்டர் என்று இன்னொரு தடுக்கும் சொல் உண்டு, அதற்குள் இருப்பது அச்சம்: திருடனைக் கேமரா பிடித்துக் கட்டவில்லை, பயமுறுத்தித் திருப்பி அனுப்புகிறது.

மருத்துவ மாணவர்களிடம் எனக்குப் பெரிய வசதி, பாதிச் சொற்கள் பாடப்புத்தகத்திலேயே கிடந்தன. குடல் அடைப்புக்கு ஆங்கிலத்தில் அப்ஸ்ட்ரக்‌ஷன், சீனப் பெயரிலும் அதே ‘ட்சூ’. ஆகவே அப்ஸ்ட்ரக்ட் என்றால் வழியை அடைத்துக்கொண்டு ஒன்று நிற்கிறது என்று படம் வந்துவிடும். சாலை, மூச்சுக்குழல், ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி எல்லாம் அதில் அடங்கும். ஏ.சி.இ. இன்ஹிபிட்டர் என்ற ரத்த அழுத்த மருந்து தெரிந்தவருக்கு இன்ஹிபிட்டைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியிலிருந்து அடைப்பதல்ல, செயல்பாட்டை அடக்கிவைப்பது. வேறு துறை மாணவர் கிடைத்தால் அவர் பாடத்திலிருந்தே இப்படித் தேடுங்கள்.

பொருள் பிடிபட்ட பிறகு மதிப்பெண் போவது இலக்கணத்தில். சீனத்தில் ‘அவனைப் போகவிடாமல் தடு’ என்பதற்குத் தடு, அவன், போ என்று மூன்றையும் வரிசையாக வைத்தாலே முடிந்தது. நடுவில் ஒட்டுச்சொல் வேண்டாம். அந்தப் பழக்கத்தில் பிரிவென்ட்டுக்குப் பிறகு வெறும் வினையைப் போட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ‘டு’ போடுகிறார்கள். ‘ஃபிரம்’ போட்டு, வினையில் ‘இங்’ சேர்க்க வேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பிரிவென்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் ‘ஃபிரம்’ இல்லாமல் எழுதுவதுண்டு என்று யாராவது வாதாடுவார்கள். உண்மைதான், ஆனாலும் தேர்வில் வேண்டாம். செயப்பாட்டு வினையில் அதை விடவே முடியாது. கீப் என்ற சொல்லில் விட்டால் பொருளே தலைகீழாகிவிடும்: ‘கீப் ஹிம் ஃபிரம் கோயிங்’ என்றால் போகவிடாதே, ‘கீப் ஹிம் கோயிங்’ என்றால் அவனை ஓடவிட்டுக்கொண்டே இரு!

இம்பீட், ஹேம்பர் இரண்டுக்கும் பின்னால் ஆளைவிடப் பெயர்ச்சொல்லை வைப்பது பாதுகாப்பு: முன்னேற்றம், வளர்ச்சி, விசாரணை. சீனப் பத்தியை ஆங்கிலமாக்கும் பகுதியில் ‘வளர்ச்சிக்குத் தடை’ என்று வந்தால், ஆப்ஸ்டகிள், பேரியர், ஹிண்ட்ரன்ஸ், இம்பெடிமென்ட் நான்குக்கும் ‘டு’தான், ‘ஆஃப்’ அல்ல. ஹிண்ட்ரன்ஸ் எழுதும்போது ஹிண்டரில் இருக்கும் ஓர் ‘இ’ காணாமல் போவதையும் சொல்லிவைக்கவும்.

இடையில் அலுப்புத் தட்டினால் உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டலாம். இந்திய பாஸ்போர்ட்டில் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று இருக்கும். அந்த ‘லெட்’ அனுமதி அல்ல, பழைய ஆங்கிலத்தில் அதுவும் தடைதான். தேர்வுக்கு உதவாது, தூக்கம் கலையும்.

த்வார்ட், ஃபாயில், ஸ்டைமி மூன்றையும் வாசிக்கும்போது அடையாளம் கண்டுகொண்டால் போதும் என்று விட்டுவிட்டோம். திட்டத்தையும் சதியையும் முறியடிக்கும் இடத்தில் வருபவை அவை. ‘போக்குவரத்து நெரிசல்’ பற்றிய கட்டுரையில் த்வார்ட் போட்டு ஆசிரியரை அசத்தப் பார்க்கும் நண்பர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரை மட்டும் பிளாக் என்ற எளிய சொல்லின் பக்கம் திருப்பிவிடுங்கள்.