காசு குடுத்துக் காட்டுக்குள்ள நடக்கப் போன கதை

"காசு குடுத்து நடக்கப் போறியோ, நாங்கள் நடந்தது காணாதோ" எண்டு அம்மா கேட்டா. என்னத்தைச் சொல்லுறது. 2009இல சண்டைக்குள்ள அவ பொதியளைத் தூக்கிக்கொண்டு நடந்த கரை இதுக்குக் கொஞ்சம் தெற்கால, மாத்தளன் பக்கம். நான் போனது சுண்டிக்குளம், கிளிநொச்சி மாவட்டக் கரையோரம் இருக்கிற கடல்நீரேரியும் பறவையளுக்கான பூங்காவும். எங்கட சனத்துக்குக் காடு எண்டால் விறகு, தேன், இல்லாட்டி இடம்பெயர்வு, சும்மா பாத்துக்கொண்டு நடக்க ஆர் போனது? இப்ப கொஞ்சப் பெடியள் சேர்ந்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகினம், ஊர்க்காரர் ஒருத்தர்தான் வழிகாட்டி, அதாலதான் நானும் பேர் குடுத்தனான்.

தை மாசக் கடைசி. பரந்தன் முல்லைத்தீவு ரோட்டால போய் தர்மபுரத்தில இடக்கைப் பக்கம் திரும்பிப் போக, விடிஞ்சும் விடியாததுமா இருந்தது, வாகனத்துக்குள்ள அரைவாசிப் பேர் நித்திரை. இறங்கின உடன ஐயா (வழிகாட்டியை எல்லாரும் ஐயா எண்டுதான் கூப்பிட்டது, கடற்தொழில் செய்யிறவர், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வெறுங்காலோட வந்து நிண்டார்) ரெண்டே ரெண்டு விசயம்தான் சொன்னார். ஒண்டு, பூங்கா எல்லைக்குள்ள கால் வைக்கிறேல்லை, வெளிக்கரையால மட்டும்தான். மற்றது, நான் மிதிச்ச இடத்தில மிதியுங்கோ. மிதிவெடி எடுத்து முடிச்ச இடம்தானே ஐயா எண்டு ஒரு தம்பி கேட்க, "எடுத்தவைதான், ஆனா மாரி வெள்ளம் எதை எங்க கொண்டுவந்து போடும் எண்டு உனக்குத் தெரியுமோ" எண்டார். அதுக்குப் பிறகு செல்பி எடுக்கக்கூட ஒருத்தரும் பத்தைக்குள்ள இறங்கேல்லை.

முதல் கொஞ்ச நேரம் பத்தைக்காடுதான், வீரை, ஈச்சை, இடைக்கிடை ஒரு பாலை, நடுவில தலையில்லாத பனை ரெண்டு மூண்டு. அதைப் பற்றி ஐயா ஒண்டும் சொல்லேல்லை, நாங்களும் கேக்கேல்லை. வழி முழுக்க மண், சப்பாத்துக்குள்ள போய் நிரம்பிடும், லண்டனில இருந்து வந்த அக்கா ஒராள் வெள்ளைச் சப்பாத்தைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு நடந்தவ, பிறகு நெருஞ்சி குத்தி திரும்பவும் போட்டவ. ஐயா முன்னுக்கு நடந்தாலும் அவற்ற கண் எப்பவும் கடைசி ஆளிலதான். ஆரும் பின்தங்கினால் ஒண்டும் சொல்லாமல் ஒரு மரத்தைக் காட்டிக் கதைக்கத் தொடங்கிடுவார், பின்னால வாற ஆள் வந்து சேரும்வரைக்கும் அந்த மரத்தின்ர கதை முடியாது. நல்ல கெட்டிக்காரத்தனம்.

கண்ணா எண்ட கண்டல் மரப் பத்தையடியில வந்து நிண்டதுதான் எனக்கு மறக்கேலாத இடம். சேத்துக்குள்ளால மேல எழும்பி நிக்கிற விரலளவு குச்சியள் எல்லாம் வேர், தண்ணிக்குள்ள மூச்சு முட்டாமல் இருக்க மேல வாறது எண்டார். பிறகு இலையொண்டைப் பிடுங்கி என்ர கையில தந்து நக்கிப் பார் எண்டார். நான் முழிச்சன். "நக்கு பிள்ளை, நஞ்சில்லை." இலையின்ர மேல வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தால் சின்னச் சின்னதா மினுங்குது, நாக்கில வைச்சால் அப்பிடியே உப்பு. வேரால உறிஞ்சின உப்பை மரம் இலையால வெளியில தள்ளுதாம். இதை உயர்தரப் (ஏஎல்) பயோவில படிச்சு எழுதி மார்க்சும் எடுத்தனான், ஆனா நக்கிப் பாத்தது அண்டைக்குத்தான்.

இந்தக் கடல்நீரேரியின்ர தண்ணிக் கதையும் கொஞ்சம் சொல்லோணும். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ஞ்சால் அந்தத் தண்ணி கனகராயன் ஆத்தால கடைசியா இங்கதான் வந்து சேருது, அதால மாரியில உப்புக் குறையும், சித்திரை வைகாசிக்கு வத்தி ஓரமெல்லாம் உப்புப் பூத்துப்போய்க் கிடக்கும். 1950களில எஞ்சினியர் ஆறுமுகம் போட்ட 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' திட்டத்தில இந்தத் தண்ணியைத்தான் நன்னீராக்கி, வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்குக் கொண்டுபோறதா இருந்தது. அது முழுசா முடியேல்லை. முடிஞ்சிருந்தால் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கு நல்லம், பூநாரைக்கு எப்பிடியோ எண்டு நான் யோசிச்சன், ஏனெண்டால் அதுக்குத் தேவையானதே இந்த உப்புத் தண்ணியில இருக்கிற சின்ன இறாலும் பாசியும்தான். அதைத் திண்டுதான் அந்த ரோசா நிறமே வாறது.

1938இலயே சரணாலயமாக்கின இடம், 2015இல தேசிய பூங்காவாக்கினவை. குருவியளைப் பாக்கத்தான் எல்லாரும் வாறது. நாங்கள் பூநாரையளைத் தூரத்தில ஒரு வெள்ளைக் கோடு மாதிரித்தான் முதல் கண்டம், பைனாகுலரால பாக்கத்தான் ஒவ்வொண்டும் தலையைக் கவிட்டுத் தண்ணிக்குள்ள சொண்டை வைச்சு அரிச்சுக்கொண்டு நிக்கிறது தெரிஞ்சுது. ஏன் சிலது சாம்பல் நிறம் எண்டு கேட்டதுக்கு அது குஞ்சு வளந்தது, நிறம் பிடிக்க வருசங்கள் எடுக்கும் எண்டார். இந்த நேரத்தில வந்தவையில ஒருத்தர் ட்ரோனை வெளியில எடுக்கப் பாத்தார். ஐயாவுக்குச் சரியான கோவம். "உதை விட்டால் பருந்தெண்டு நினைச்சு எல்லாம் எழும்பும், எங்கயோ இருந்து பறந்து வந்து வயித்துக்குத் திண்டுகொண்டு நிக்கிறதுகளை ஏன் எழுப்புறாய்?" ட்ரோன் பேசாமல் பைக்குள்ள போட்டுது. வரும்போது வழியெல்லாம் ஸ்பீக்கரில பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தவையும் அதோட நிப்பாட்டினவை, அதுக்கு ஐயாவுக்குத் தனியா நன்றி.

கடற்கரைப் பக்கம் வந்தாப் பிறகு காத்துத்தான். அடம்பன் கொடி ஊதாப் பூவோட மண் முழுக்கப் படர்ந்து கிடக்கு, இராவணன் மீசையின்ர முள்ளுப் பந்துகள் காத்துக்கு உருண்டு உருண்டு ஓடுது, ஒண்டு வந்து என்ர பாவாடையில ஒட்டிப்பிடிச்சுது, எடுக்கப்போய் விரலும் குத்துப்பட்டுது. அந்த மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கிறதே இந்த ரெண்டும்தான். சுனாமியில இந்தக் கரையும் அடிபட்டது. தான் அண்டைக்குக் கடல்நீரேரிப் பக்கம் வலை எடுக்கப் போனதால தப்பினது எண்டு ஐயா சாதாரணமாச் சொல்லிப்போட்டு சோத்துப் பார்சலைப் பிரிச்சார், நெத்தலிப் பொரியலும் தேங்காய்ச் சம்பலும்.

போக நினைக்கிறவைக்கு: மாசி முடியமுதல் போங்கோ, பிறகு குருவியள் போயிடும், வெயிலும் தாங்கேலாது. தண்ணி ரெண்டு போத்தலாவது வேணும், வழியில கடை கிடையாது. தொப்பியை விடாதேங்கோ. முக்கியமா, ஊர்க்காரர் ஒருத்தர் இல்லாமல் வெளிக்கிடாதேங்கோ, அவருக்குக் குடுக்கிற காசில பேரம் பேசாதேங்கோ. எங்களிட்ட வாங்கின காசில ஐயாவுக்கு எவ்வளவு போனது எண்டு நான் ஒழுங்குபடுத்தின பெடியளிட்ட கேட்டனான், தொகையைக் கேட்டாப் பிறகு அடுத்தமுறை அவருக்கே நேர போன் அடிக்கிறதெண்டு முடிவு. பாலைப்பழக் காலத்துக்கு வரச் சொன்னவர்.